வினை நடக்கும்போதே லேசரால் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைக் கொண்டு வேதிவினைகளைப் பின்தொடரும் ‘பம்ப்–புரோப்’ முறையைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இங்கே. முதல் சில, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்பவை. பிற்பகுதி, முதல் தரவை எடுத்துவிட்டு அதை நம்புவதா வேண்டாமா என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்களுக்கு. கேள்விகளைக் கேட்டவர்களின் நடையிலேயே விட்டிருக்கிறோம்.

1. கெமிக்கல் ரியாக்‌ஷனை நேரடியா பார்க்கிறோம்னு சொல்றீங்களே, மூலக்கூறு உடையறது நிஜமாவே தெரியுமா?

தெரியாது. தெரிவது நிறம் மட்டுமே. ஒரு மூலக்கூறு எந்த அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்கும் என்பது அதன் அணுக்கள் அந்தக் கணத்தில் எங்கே இருக்கின்றன, எலக்ட்ரான்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பிணைப்பு நீண்டாலோ முறுக்கிக்கொண்டாலோ அறுந்தாலோ அந்த உட்கவர்தல் மாறும். அந்த மாற்றத்தை நேரத்துக்கு எதிராக அளக்கிறோம்.

ஆகவே திரையில் வருவது வளைகோடுகள். ‘பிணைப்பு இங்கே அறுந்தது’ என்பது அந்த வளைகோட்டுக்கு நாம் சொல்லும் விளக்கம். விளக்கத்துக்குக் கணக்கீடும் வேறு சோதனைகளும் துணை நிற்க வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் கீழே வரும் பாதிச் சிக்கல்கள் உண்டாகின்றன.

2. ஃபெம்டோ நொடி எதுக்கு? நானோ நொடி லேசர் போதாதா?

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிணைப்பு அறும்போது அணுக்கள் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவில் விலகுகின்றன. அந்த வேகத்தில் ஓர் ஆங்ஸ்ட்ராம் (10⁻¹⁰ மீட்டர், ஏறத்தாழ ஓர் அணுவின் அளவு) நகர 100 ஃபெம்டோ நொடி ஆகும். ஒரு ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியில் 10¹⁵-இல் ஒரு பங்கு. அயோடின் மூலக்கூறு ஒருமுறை அதிர்ந்து முடிக்க ஏறத்தாழ 156 ஃபெம்டோ நொடி, ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கு 9 மட்டுமே. கண்ணில் உள்ள ரெட்டினல் மூலக்கூறு ஒளி பட்டதும் திரும்பிக்கொள்வது சுமார் 200 ஃபெம்டோ நொடியில் முடிந்துவிடுகிறது. இவற்றுக்கு நானோ நொடித் துடிப்பு உதவாது.

அதேசமயம், தனி உறுப்புகள் (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட துண்டுகள்) ஒன்றோடொன்று மோதிச் சேர்வது, மும்மை நிலை எனப்படும் நீடித்த கிளர்நிலை (ஒளியை விழுங்கி ஆற்றல் ஏறிய நிலை) ஆக்சிஜனால் அணைவது போன்றவை நானோ நொடி முதல் மில்லி நொடி வரை நீள்பவை. அவற்றுக்கு நானோ நொடி லேசரும் சாதாரண செனான் விளக்கும் போதும். 1949-இல் நாரிஷும் போர்ட்டரும் தொடங்கிய ‘ஃபிளாஷ் போட்டோலிசிஸ்’ முறையின் வாரிசு அது. (அவர்களுடைய விளக்குத் துடிப்பு மில்லி நொடி அளவில்தான் இருந்தது.) 1987-இல் அகமது ஜெவைலின் குழு, சயனோஜன் அயோடைடில் கார்பன்–அயோடின் பிணைப்பு சுமார் 200 ஃபெம்டோ நொடியில் அறுவதைப் பின்தொடர்ந்தது. 1999-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

3. அவ்வளவு வேகமான டிடெக்டரே கிடையாதே, அப்புறம் நேரத்தை எப்படி அளக்கறீங்க?

நேரத்தைத் தூரமாக மாற்றி அளக்கிறோம். முதல் துடிப்பு, அதாவது பம்ப், வினையைத் தொடங்கி வைக்கும். இரண்டாவது துடிப்பான புரோப் சற்றுப் பின்னால் வந்து உட்கவர்தலை அளக்கும். இரண்டும் ஒரே லேசரிலிருந்து பிரிந்தவை. ஒன்றை மட்டும் நகரும் மேடைமேல் வைத்த கண்ணாடிகளில் பட்டுத் திரும்பச் செய்தால், மேடை நகர்ந்த தூரத்தைப் போல் இரு மடங்கு பாதை கூடும். ஒரு மைக்ரான் நகர்த்தினால் 6.7 ஃபெம்டோ நொடித் தாமதம். ஒரு தாளின் தடிமன் அளவு, 0.1 மில்லிமீட்டர், நகர்த்தினால் 0.67 பிக்கோ நொடி (ஒரு பிக்கோ நொடி என்பது 1000 ஃபெம்டோ நொடி). 15 சென்டிமீட்டர் மேடை இருந்தால் ஒரு நானோ நொடி வரை போகலாம்.

டிடெக்டர் எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும் பரவாயில்லை. புரோப் துடிப்பில் எவ்வளவு ஒளி மிஞ்சியது என்று எண்ணுவது மட்டுமே அதன் வேலை. நேரப் பிரிதிறன் துடிப்புகளின் நீளத்திலிருந்து வருகிறது. 100 ஃபெம்டோ நொடி பம்ப்பும் 100 ஃபெம்டோ நொடி புரோப்பும் சேர்ந்தால் கருவியின் துலக்கம் (அதனால் பிரித்தறிய முடிந்த மிகக் குறுகிய நேரம்) சுமார் 140 ஃபெம்டோ நொடி: இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்.

4. அப்போ ஒரே மூலக்கூறை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் படம் பிடிக்கலையா?

இல்லை. ஒவ்வொரு தாமதத்திலும் புதிய மூலக்கூறுகள், அதுவும் ஒவ்வொரு துடிப்புக்கும் நூறு பில்லியன் கணக்கில் (8-ஆம் பதிலில் கணக்கு இருக்கிறது). மேடையை ஓரிடத்தில் நிறுத்தி ஆயிரக்கணக்கான துடிப்புகளைச் சராசரி எடுத்து, பிறகு அடுத்த தாமதத்துக்கு நகர்கிறோம். எல்லா மூலக்கூறுகளும் பம்ப் பட்ட அதே கணத்தில் புறப்படுவதால்தான் இப்படித் தனித்தனியாக எடுத்த புள்ளிகளைக் கோத்து ஒரு கதையாகப் படிக்க முடிகிறது.

இதனால் ஒரு கட்டுப்பாடும் வருகிறது. சோதனையைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடத்த முடிய வேண்டும். ஒருமுறை நடந்து மாதிரியை அழித்துவிடும் வினை என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் புது மாதிரி தேவை.

5. ஒரு செட்டப்பில என்னென்ன இருக்கும்?

பெரும்பாலான ஆய்வகங்களில் மூலம் டைட்டானியம்–சஃபயர் லேசர். ஆஸிலேட்டர் 800 நானோமீட்டரில், நொடிக்கு சுமார் 80 மில்லியன் துடிப்புகள் தரும். ஒவ்வொன்றிலும் சில நானோஜூல்தான் இருக்கும். அதை ஆம்ப்ளிஃபையரில் பெருக்கி நொடிக்கு 1000 துடிப்பு, துடிப்புக்கு சில மில்லிஜூல், 35 முதல் 100 ஃபெம்டோ நொடி என்று எடுக்கிறார்கள். நேரடியாகப் பெருக்கினால் உச்சத் திறன் படிகத்தையே சேதப்படுத்தும். ஆகவே துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, கடைசியில் மீண்டும் சுருக்குகிறார்கள். இந்த உத்தியை 1985-இல் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூரூவும் காட்டினார்கள். 2018 இயற்பியல் நோபலில் இருவருக்கும் பங்கு உண்டு.

ஆம்ப்ளிஃபையரிலிருந்து வருவதில் பெரும்பகுதி, அலைநீளத்தை மாற்றித் தரும் பாராமெட்ரிக் ஆம்ப்ளிஃபையர் வழியாகப் பம்ப் ஆகிறது. 400 நானோமீட்டர் போதுமென்றால் ஒரு பிபிஓ (பேரியம் போரேட்) படிகத்தில் அதிர்வெண்ணை இரட்டித்தால் வேலை முடிந்தது. சிறு பகுதி மேடை வழியாகப் போய் வெண்ணொளிப் புரோப் ஆகிறது. பம்ப்பின் பாதையில் ஒரு சாப்பர், லேசரோடு ஒத்திசைந்து 500 ஹெர்ட்ஸில் சுழன்று, ஒன்றுவிட்டு ஒரு துடிப்பை மறைக்கும். பம்ப் பட்ட புரோப், படாத புரோப் என்று மாறி மாறிப் பதிவாகும். மாதிரிக்குப் பின்னால் நிறமாலைமானி, அதில் வேகமாகப் படிக்கும் வரிசை டிடெக்டர்.

6. வெண்ணொளி தனி விளக்கிலிருந்தா வருது?

800 நானோமீட்டர் துடிப்பிலிருந்தே உண்டாக்குவது. ஏறத்தாழ ஒரு மைக்ரோஜூலை 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சஃபயர் தகட்டில் குவித்தால், 450 முதல் 750 நானோமீட்டர் வரை பரந்த ஒளி வெளியே வரும். இன்னும் நீலப் பக்கம், 350 வரை, வேண்டுமென்றால் கால்சியம் ஃபுளூரைடு. ஆனால் அது ஒரே இடத்தில் ஒளி பட்டுக்கொண்டிருந்தால் பழுதாகிவிடும், தகட்டை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்வது கைப்பழக்கம். முன்னால் ஒரு ஐரிஸ், ஒரு மாறும் வடிகட்டி. ஆற்றலை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால் வெள்ளைத் தாளில் திடீரென்று ஒரு வெண்வட்டம் தோன்றும். தோன்றியதும் ஒரு பொடி கூட்டி அங்கேயே நிறுத்துங்கள். வெளிச்சம் போதவில்லையென்று மேலும் ஏற்றினால் ஒற்றை இழை பலவாகப் பிரியும். வட்டம் கொதிப்பதுபோல் நெளியும், அதில் வண்ணக் கோடுகள் ஓடும். கண்ணுக்கு அது அதிக வெளிச்சம், டிடெக்டருக்கு அது இரைச்சல்.

7. கிராஃபில நெகட்டிவ் வந்தா ரியாக்‌ஷன் நடக்கலைன்னு அர்த்தமா?

இல்லை. நாம் வரைவது உட்கவர்தலை அல்ல, உட்கவர்தலில் வந்த மாற்றத்தை. பம்ப் பட்டபோது கடந்த ஒளியைப் பம்ப் படாதபோது கடந்த ஒளியால் வகுத்து, பத்தடி மடக்கை எடுத்து, குறியை மாற்றினால் கிடைப்பது அது. பம்ப் அடிநிலை (ஒளி படுமுன் இருந்த சாதாரண நிலை) மூலக்கூறுகளில் ஒரு பங்கைக் காலி செய்துவிடுவதால், அவை உட்கவரும் இடத்தில் ஒளி அதிகமாகக் கடக்கும்: நெகட்டிவ், இதை வெளிறல் என்கிறோம். கிளர்நிலை மூலக்கூறு புரோப்பால் தூண்டப்பட்டு ஒளியை உமிழ்ந்தாலும் நெகட்டிவ்தான். கிளர்நிலையோ புதிய விளைபொருளோ உட்கவர்ந்தால் பாசிட்டிவ்.

இவை ஒன்றன்மேல் ஒன்று படியும்போதுதான் தொல்லை. பூஜ்யம் என்று தெரியும் இடத்தில் வெளிறலும் கிளர்நிலை உட்கவர்தலும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கலாம். சாதாரண உட்கவர் நிறமாலையையும் ஒளிர்தல் நிறமாலையையும் அதே அச்சில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வெளிறலின் வடிவம் உட்கவர் நிறமாலையைத் தலைகீழாகக் கவிழ்த்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு எதுவோ அங்கே சேர்ந்திருக்கிறது.

8. சாம்பிள் எவ்வளவு கெட்டியா கரைக்கணும், பம்ப் பவர் எவ்வளவு வைக்கணும்?

ஒரு மில்லிமீட்டர் செல்லில் (கரைசல் நிற்கும் கலம்), பம்ப் அலைநீளத்தில் அப்சார்பன்ஸ் (உட்கவர்தலின் மடக்கை அளவு) 0.3 முதல் 0.5. மோலார் குணகம் (ஒரு மோலார் கரைசல் ஒரு சென்டிமீட்டரில் காட்டும் அப்சார்பன்ஸ்) 10,000 உள்ள சேர்மத்துக்கு 0.5 என்றால் 5 × 10⁻⁴ மோலார். அதைவிடக் கூட்டினால் பம்ப் முன்சுவரிலேயே தீர்ந்துவிடும், மூலக்கூறுகள் கூட்டாகச் சேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் கூடும்.

பம்ப்புக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 நானோமீட்டரில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 5 × 10⁻¹⁹ ஜூல். 200 நானோஜூல் துடிப்பில் 4 × 10¹¹ ஃபோட்டான்கள். அது 200 மைக்ரான் விட்டமுள்ள புள்ளியில் விழுந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 1.3 × 10¹⁵. மோலார் குணகம் 10,000 என்பது மூலக்கூறு ஒன்றுக்கு 3.8 × 10⁻¹⁷ சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டு. இரண்டையும் பெருக்கினால் 0.05: முன்பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து மூலக்கூறுகள் கிளர்கின்றன, செல் முழுவதும் சராசரியாக மூன்று. வெளிறல் சுமார் 0.015 வரும். இது தாராளமான சிக்னல். நூற்றுக்குப் பத்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால் ஒரே மூலக்கூறு இரண்டு ஃபோட்டானை விழுங்கத் தொடங்கும்.

புரோப் புள்ளி பம்ப் புள்ளியில் பாதிக்கும் குறைவான விட்டத்தில் இருக்கட்டும். சமமாக வைத்தால் விளிம்பில் குறைவாகக் கிளர்ந்த பகுதியும் சேர்ந்து சராசரியாகும், சிறு நடுக்கம்கூட சிக்னலில் தெரியும்.

9. கரைசலை ஏன் ஓட விடணும்? குவெட்ல வெச்சா போதாதா?

நொடிக்கு 1000 துடிப்பு என்றால் அடுத்த பம்ப் ஒரு மில்லி நொடியில் வந்துவிடும். அதற்குள் முந்தைய துடிப்பின் விளைபொருள் அந்தப் புள்ளியைவிட்டு விலகியிருக்க வேண்டும். 200 மைக்ரான் புள்ளியை ஒரு மில்லி நொடியில் காலி செய்ய நொடிக்கு 20 சென்டிமீட்டர் ஓட்டம் தேவை. முழுமையாக அடிநிலைக்குத் திரும்பிவிடும் சாயத்துக்கு, சிறு காந்தக் குச்சியால் கலக்கினாலே போதும். மீளாத வினைக்குப் போதாது.

அளவீட்டுக்கு முன்னும் பின்னும் சாதாரண உட்கவர் நிறமாலை எடுத்து வைப்பது பழக்கமாகட்டும். உச்சம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்திருந்தால், பிற்பாதித் தரவில் இருப்பது வேறொரு கரைசல்.

10. டைம் ஸீரோவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு நாளா தேடறேன், சிக்னலே வரலை.

முதலில் நாடாவால் இரு பாதைகளையும் பிரிப்பானிலிருந்து மாதிரிவரை அளந்து, வித்தியாசத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். அடுத்து மாதிரி இருக்கும் இடத்தில் ஒரு வேக ஃபோட்டோடையோடை வைத்து, பம்ப்பையும் புரோப்பையும் மாறி மாறி மறைத்து, ஆஸிலாஸ்கோப்பில் இரண்டு ஏற்றங்களும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். இது 0.1 நானோ நொடி, அதாவது 3 சென்டிமீட்டர், அளவுக்குச் சொல்லிவிடும்.

பிறகு நீண்ட நேரம் நிற்கும் சிக்னல் தரும் கரைசலை வையுங்கள். டிரிஸ்-பைபிரிடின் ருத்தேனியம் நல்ல தேர்வு: 400-இல் கிளர்த்தி 450 நானோமீட்டரில் வெளிறலைப் பார்க்கலாம், அது நூற்றுக்கணக்கான நானோ நொடி நிற்கும். ஆகவே ஸீரோவைத் தேடிக் குறிவைக்க வேண்டியதில்லை. மேடையைக் கடைசிக்குத் தள்ளி, சிக்னல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பாதியாகப் பாதியாகப் பின்வாங்கி, சிக்னல் மறையும் இடத்தை நெருங்கி, கடைசியில் 50 ஃபெம்டோ நொடிப் படிகளில் துல்லியமாக்கலாம்.

சிக்னலே இல்லையென்றால் பெரும்பாலும் நேரம் குற்றவாளியல்ல, இடம். 100 மைக்ரான் ஊசித்துளை ஒன்றை மாதிரியின் இடத்தில் வைத்து இரண்டு கற்றைகளும் அதன் வழியே போகின்றனவா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் மேடையின் திசையைச் சரிபாருங்கள்: எண் கூடும்போது புரோப் தாமதமாகிறதா, முந்துகிறதா? இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு தேடியவர்கள் ஏராளம்.

11. ஸீரோகிட்ட ஒரு முள்ளு மாதிரி ஏறி இறங்குதே, அது ரியாக்‌ஷனோட முதல் கட்டமா?

சுத்தமான கரைப்பானை மட்டும் வைத்து அதே அளவீட்டை எடுங்கள். முள் அங்கேயும் இருக்கும். பம்ப்பும் புரோப்பும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் இருக்கும்போது, பம்ப் அந்த ஊடகத்தின் ஒளிவிலகலைக் கணநேரம் மாற்றிப் புரோப்பின் நிறங்களை இடம்மாற்றுகிறது. இரண்டிலிருந்தும் தலா ஒரு ஃபோட்டானைக் கரைப்பான் சேர்த்து விழுங்குவதும் உண்டு. வேதியியல் எதுவும் இதில் இல்லை.

ஆனால் இந்த முள் ஒரு வேலைக்கு உதவும். வெண்ணொளியின் நிறங்கள் ஒன்றாக வருவதில்லை. சிவப்பு முந்தும், நீலம் பிந்தும், வழியில் உள்ள கண்ணாடியைப் பொறுத்து இடைவெளி ஒரு பிக்கோ நொடிவரைகூடப் போகலாம். ஒவ்வொரு அலைநீளத்திலும் முள் எங்கே வருகிறது என்று குறித்து, அந்த வளைகோட்டால் தரவு முழுவதையும் திருத்துங்கள். திருத்தாமல் பார்த்தால், நீலத்தில் தோன்றிச் சிவப்புக்கு நகரும் ஒரு ‘இடைநிலை’ தெரியும்.

12. இன்னும் குட்டி பல்ஸ், ஒரு 10 ஃபெம்டோ நொடி இருந்தா எல்லாம் தெளிவா தெரிஞ்சிடுமே?

10 ஃபெம்டோ நொடித் துடிப்பை மாதிரிவரை அப்படியே கொண்டுசேர்ப்பதுதான் பாடு. 800 நானோமீட்டரில் 10 மில்லிமீட்டர் உருகிய சிலிக்கா வழியாகப் போனால் 100 ஃபெம்டோ நொடித் துடிப்பு அப்படியே இருக்கும். 30 ஃபெம்டோ நொடித் துடிப்பு 45 ஆகும். 10 ஃபெம்டோ நொடித் துடிப்பு 100 ஆகிவிடும். ஒரு லென்ஸ், ஒரு வடிகட்டி, செல்லின் சுவர் எல்லாம் சேர்ந்தாலே பத்து மில்லிமீட்டர் வந்துவிடும். அதனால்தான் அந்தப் பக்கம் போகிறவர்கள் லென்ஸை விட்டுக் குழியாடிக்கு மாறி, சிர்ப் கண்ணாடிகளால் (பிந்திய நிறங்களை மீண்டும் ஒன்றுசேர்ப்பவை) ஈடுகட்டுகிறார்கள்.

13. குட்டி பல்ஸ்னா அலைநீளம் பரந்துபோகும். அப்போ எந்த நிலையைக் கிளர்த்தினோம்னே சொல்ல முடியாதே, அன்செர்ட்டனிட்டி விதி இடிக்கலையா?

விதி இடிப்பதில்லை, அதுதான் இந்த முறையை நடத்துகிறது. 800 நானோமீட்டரில் 100 ஃபெம்டோ நொடித் துடிப்பின் அகலம் குறைந்தது 9.4 நானோமீட்டர், அதாவது சென்டிமீட்டருக்கு 147 அலைகள் என்ற அளவு. 20 ஃபெம்டோ நொடியில் அது ஐந்து மடங்கு. ஆகவே பல அதிர்வு நிலைகள் ஒரே நேரத்தில், ஒத்த கட்டத்தில் கிளர்கின்றன. ஒரே ஒரு நிலையைத் துல்லியமாகக் கிளர்த்தியிருந்தால் அணுக்களின் பரவலில் நேரத்தோடு எதுவும் மாறாது. பல நிலைகள் சேர்ந்தால்தான் ஓர் அலைப் பொட்டலம் உருவாகி, பழைய இயற்பியலின் பந்துபோல் இங்குமங்கும் ஓடும்.

சோடியம் அயோடைடு ஆவி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 310 நானோமீட்டரில் கிளர்த்தினால் பிணைப்பு நீள்கிறது. அணுக்கள் 6.93 ஆங்ஸ்ட்ராம் விலகும்போது சகப்பிணைப்பு வளைகோடும் அயனி வளைகோடும் குறுக்கிடுகின்றன. பெரும்பாலான மூலக்கூறுகள் அங்கே அயனியாகி, ஈர்ப்பால் திரும்பி வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு தப்பிப் பிரிகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.25 பிக்கோ நொடி. சிக்கியிருக்கும் மூலக்கூறைப் புரோப் செய்தால் ஏறி இறங்கும் அலை தெரியும். பிரிந்த சோடியத்தை அதன் 589 நானோமீட்டர் மஞ்சள் கோட்டில் புரோப் செய்தால் படிக்கட்டு தெரியும். ஒரே ஓட்டம், இரண்டு கோணம்.

14. டிலே கூடக்கூட சிக்னல் குறையுது. அதுதானே லைஃப்டைம்?

அவசரப்படாதீர்கள். மேடை நகரும் திசையும் கற்றையின் திசையும் ஒரு சிறு கோணம் பிசகினால், மேடை தூரம் போகப்போகப் புரோப் பம்ப்பைவிட்டு நழுவும். சிக்னல் குறையும், ஆனால் குறைந்தது வேதியியல் அல்ல. 10-ஆம் பதிலில் சொன்ன ருத்தேனியம் கரைசலே இதற்கும் சோதனை: ஒரு நானோ நொடி வீச்சில் அதன் வெளிறல் தட்டையாக நிற்க வேண்டும். சாய்ந்தால் மேடையைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். சாய்வைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது ஏமாற்று வேலை. நழுவல் நாளுக்கு நாள் மாறும்.

இரண்டாவது, மூலக்கூறுகள் சுழல்வது. பம்ப் தன் தளவிளைவுத் திசைக்கு (ஒளியின் மின்புலம் அதிரும் திசை) இணையாக இருப்பவற்றையே அதிகம் கிளர்த்தும். கரைசலில் அவை பத்து முதல் சில நூறு பிக்கோ நொடியில் திசை கலைந்துவிடும். அந்தக் கலைவும் ஒரு சிதைவுபோல் தெரியும். பம்ப்புக்கும் புரோப்புக்கும் இடையே தளவிளைவுக் கோணத்தை 54.7 பாகையில் வைத்தால் இது மறையும்.

15. ஸீரோவுக்கு முன்னாடியே சிக்னல் இருக்கே?

இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். பம்ப் அலைநீளத்தில் மட்டும் இருந்து, எல்லாத் தாமதத்திலும் மாறாமல் நின்றால் அது சிதறிய பம்ப் ஒளி. செல்லைத் துடையுங்கள், கரைசலை வடிகட்டுங்கள், மிச்சத்தைக் கழியுங்கள். பரந்த நிறமாலையாக, விளைபொருளின் வடிவத்தில் இருந்தால் முந்தைய துடிப்பின் எச்சம் இன்னும் அங்கேயே இருக்கிறது: 9-ஆம் பதிலுக்குப் போங்கள்.

16. தண்ணில எந்தச் சேர்மத்தைப் போட்டாலும் 700 பக்கத்துல ஒரு பெரிய பேண்ட் வருது. புது இடைநிலையா?

கரைப்பானால் சூழப்பட்ட எலக்ட்ரானாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். நீரில் அதன் உட்கவர் உச்சம் சுமார் 720 நானோமீட்டரில், மிகப் பரந்து வரும். பம்ப் அளவுக்கு மீறினால் பல ஃபோட்டான்கள் சேர்ந்து நீரையோ உங்கள் சேர்மத்தையோ அயனியாக்கி எலக்ட்ரானைத் துப்ப வைக்கும்.

சோதனை எளிது. பம்ப்பைப் பாதியாக்குங்கள். ஒரு ஃபோட்டானால் வந்த சிக்னல் பாதியாகும். இரு ஃபோட்டானால் வந்தது காலாகும். சேர்மமில்லாத நீரிலும் பட்டை வந்தால் சந்தேகமே வேண்டாம். எந்தப் புது சேர்மத்துக்கும் மூன்று பம்ப் ஆற்றல்களில் முழு அளவீட்டை எடுத்து, சிக்னலின் உயரம் மட்டுமல்லாமல் அதன் கால வடிவமும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்காமல் கணிப்புக்கு உட்காராதீர்கள்.

17. இரைச்சல்ல சிக்னலே மூழ்குது. எவ்வளவு நேரம் ஆவரேஜ் பண்ணணும்?

துடிப்புக்குத் துடிப்பு 1 சதவீதம் ஆடினால், ஒரு ஜோடி அளவீட்டில் அப்சார்பன்ஸ் பிழை சுமார் 0.006. 5000 ஜோடிகளைச் சராசரி எடுத்தால் 0.00009-க்கு இறங்கும். 1000 ஹெர்ட்ஸில் அது பத்து நொடி. பக்கத்துப் பக்கத்துத் துடிப்புகள் ஒத்து ஆடுவதால் நடைமுறையில் இன்னும் நன்றாகவே வரும். அதைவிட அதிக நேரம் ஒரே தாமதத்தில் நிற்காமல், முழு வீச்சையும் வேகமாகப் பலமுறை ஓட்டுங்கள். லேசர் மெல்ல விலகிப்போவது அப்போதுதான் ஒரு சிதைவாக வேடம் போடாது.

18. ஃபிட் பண்ணும்போது எத்தனை எக்ஸ்போனென்ஷியல் போடலாம்? நாலு போட்டா அழகா உட்காருது.

நாலு போட்டால் எதுவும் அழகாகத்தான் உட்காரும். மிச்சத்தை வரையுங்கள். மூன்றில் மிச்சம் வெறும் இரைச்சலாக இருந்தால் நான்காவதற்கு இடமில்லை. கருவியின் துலக்கத்தைவிட (3-ஆம் பதில்) குறைந்த நேர மாறிலி வந்தால் அது 11-இல் சொன்ன முள். மேடையின் மொத்த வீச்சைவிட நீண்டது வந்தால் ‘மாறாதது’ என்று மட்டும் எழுதுங்கள்.

இதைவிட ஆழமான பொறி ஒன்று உண்டு. ஏ, பி-ஆகி, பிறகு சி-ஆவது தொடர் மாதிரி. ஏயும் பியும் தனித்தனியாக அழிவது இணை மாதிரி. இரண்டும் ஒரே தரவுக்கு ஒரே தரத்தில், அதே நேர மாறிலிகளோடு பொருந்தும். வேறுபடுவது கணிப்பு தரும் நிறமாலைகள் மட்டுமே. எந்த நிறமாலை இயற்பியலுக்கு ஒத்துவருகிறது என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்: வெளிறல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, பாசிட்டிவாக வர முடியாத இடத்தில் பாசிட்டிவ் வருகிறதா என்று. மென்பொருள் இதைச் சொல்லாது.

19. வெளிச்சமே படாம நடக்கிற ரியாக்‌ஷனை இதுல பார்க்க முடியுமா?

நேரடியாக முடியாது, புறப்படும் கணம் ஒன்று வேண்டும். சுற்றுவழிகள் இருக்கின்றன. நீரின் அதிர்வு மேற்சுரத்தை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்கை) அகச்சிவப்புத் துடிப்பால் அடித்து, சில நானோ நொடியில் பத்துப் பாகை சூடேற்றிச் சமநிலையைக் கலைக்கலாம். புரத மடிப்பை இப்படிப் பார்க்கிறார்கள். சமநிலையைக் கலைத்து மீள்வதைப் பார்க்கும் யோசனை மான்ஃபிரெட் ஐகனுடையது. 1967 நோபலை அவர் நாரிஷ், போர்ட்டர் இருவரோடும் பகிர்ந்துகொண்டார். ஒளி பட்டதும் புரோட்டானை உதிர்க்கும் பைரனின் போன்ற சாயத்தைக் கலந்து அமில–கார வினையைத் தொடங்கி வைப்பது இன்னொரு வழி.

20. கண்ணாடி போட்டா பீம் தெரியலை. அலைன் பண்ணும்போது மட்டும் கழட்டிக்கலாமா?

கூடாது. விபத்து நடப்பதே அலைன் செய்யும்போதுதான். 800 நானோமீட்டர் கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. ஆனால் விழித்திரையில் முழுதாகக் குவியும். ஒரு மில்லிஜூல் 35 ஃபெம்டோ நொடியில் என்றால் ஏறத்தாழ 29 ஜிகாவாட். காகிதத்தில் பட்டுச் சிதறுவதுகூட ஆபத்தான வகுப்பைச் சேர்ந்தது இது. அகச்சிவப்பைக் காட்டும் அட்டையும் வியூவரும் வைத்துக்கொண்டு, ஆற்றலைக் குறைத்து அலைன் செய்யுங்கள். கைக்கடிகாரம், மோதிரம் கழற்றுங்கள். கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனியும்போது கண்ணை மூடிக்கொண்டு கற்றை மட்டத்தைக் கடப்பது பழக்கமாகட்டும். கண்ணாடி விளிம்பில் அச்சிட்ட அலைநீளங்களைப் படியுங்கள்: 800-க்கான கண்ணாடி 400-ஐத் தடுக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

21. எக்ஸ்ரே லேசர், எலக்ட்ரான் டிஃப்ராக்‌ஷன் எல்லாம் வந்தாச்சே. இது பழசாயிடுச்சா?

அவை அணுக்களின் இடத்தையே காட்டும், 1-ஆம் பதிலில் சொன்ன குறையை நேரடியாகத் தீர்க்கும். ஆனால் 2009-இல் இயங்கத் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு எக்ஸ்கதிர் லேசர் போன்றவை கிலோமீட்டர் நீள நிலையங்கள், அங்கே கிடைப்பது சில நாள் நேரம். மேசைமேல் செய்த ஒளியியல் அளவீடு இல்லாமல் அங்கே போனால், எந்தத் தாமதத்தில் பார்ப்பது என்றே தெரியாது. 2023 நோபல் பெற்ற ஆட்டோ நொடித் துடிப்புகள் (ஆட்டோ நொடி என்பது ஃபெம்டோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எலக்ட்ரான்களின் ஓட்டத்துக்கானவை. அந்த நேரத்தில் அணுக்கள் நகர்வதே இல்லை எனலாம்.

22. என் விளைபொருளோட பேண்ட் 10 பிக்கோ நொடியில குறுகி நீலப்பக்கம் நகருது. அப்போ 10 பிக்கோ நொடியில ரியாக்‌ஷன் முடியுதுன்னு எழுதலாமா?

பெரும்பாலும் வினை அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. நீங்கள் பார்ப்பது விளைபொருள் ஆறுவதை. வினையில் வெளிப்பட்ட ஆற்றல் முதலில் மூலக்கூறின் அதிர்வுகளில்தான் நிற்கும். சூடான மூலக்கூறின் பட்டை அகன்று, சிவப்புப் பக்கம் வழிந்திருக்கும். கரைப்பானுக்கு வெப்பம் போகப்போகப் பட்டை ஒடுங்கி இடம் நகரும். கரைசலில் இதற்கு வழக்கமாக ஆவது பத்துப் பிக்கோ நொடி அளவுதான்.

பிரித்தறிய, பட்டையின் பரப்பை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். பரப்பு மாறாமல் வடிவம் மட்டும் மாறினால் ஆறுதல். பரப்பு வளர்ந்தால் புதிய மூலக்கூறுகள் உண்டாகின்றன. நிலையான ஒரு புள்ளியில் எல்லா நிறமாலைகளும் வெட்டிக்கொண்டால் ஒன்று குறைந்து மற்றொன்று கூடுகிறது. வெட்டும் புள்ளி நழுவிக்கொண்டே போனால் ஆறுதல் கலந்திருக்கிறது. அப்போதும் தீரவில்லையென்றால் புரோப்பை அகச்சிவப்புக்கு மாற்றி, 50 முதல் 100 மைக்ரான் இடைவெளியுள்ள கால்சியம் ஃபுளூரைடு செல்லில், கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு போன்ற ஒற்றை அதிர்வைப் பாருங்கள். அங்கே புதிய பிணைப்புக்குரிய கோடு எந்தத் தாமதத்தில் தலைகாட்டுகிறதோ, வினைக்கு எழுத வேண்டிய நேரம் அதுதான்.